இந்தச் சுவரைக் கடைசியாகத் தொட்டது யார்? டெல்டாவின் பழைய வீடுகளுக்கு அறிகுறி வாரியாகப் பழுது நீக்கம்

எங்கள் வீடு காவிரி டெல்டாவில், அரசலாற்றங்கரையில் இருக்கிறது. திண்ணை, ரேழி (வாசல் நடை), முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம், அடுப்பங்கரை, கொல்லை என்று தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் எந்த ஊர்த் தெருவிலும் பார்க்கக்கூடிய வீடுதான். முன்பாதி நாட்டு ஓடு, பின்பாதி மெத்தை, அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை. ஏழு வருடமாக இதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வருடம் செய்த வேலைகளைப் பிரித்துச் சரிசெய்யவே அடுத்த மூன்று வருடம் போயிற்று. அந்த எரிச்சலில் கற்றதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடிவிட்டுப் போங்கள்: கெட்டுப்போன இடத்தைக் கடைசியாகத் தொட்டது யார், எந்த வருடம், எதைக் கொண்டு?

நூறு வருடம் நின்ற சுவர் பத்து வருடத்தில் உளுத்துப்போனால், சந்தேகம் கட்டிய கொத்தனார் மேல் போகக் கூடாது. பத்து வருடத்துக்கு முன் வந்த கொத்தனார் மேல்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய சுவர்கள் பெரும்பாலும் சேற்று மண்ணிலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய செங்கல் சுவர்கள், மேலே சுண்ணாம்புப் பூச்சு. அவை ஈரத்தைத் தடுப்பவை அல்ல. மழையில் குடிக்கும், வெயிலில் கக்கும். இந்தப் போக்குவரத்து எங்கே அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை, வீடு முழுவதையும் அதே கோணத்தில் புகைப்படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தக் காண்டிராக்டரையும் கூப்பிட வேண்டாம்.

சுவரின் அடிப்பாகம் ஈரமாக இருக்கிறது, பெயிண்ட் செதிலாக உதிர்கிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது

ஓதம். டெல்டாவில் தண்ணீர் மட்டம் காலடியில்தான். ஆற்றில் தண்ணீர் வந்ததும் கிணறு ஏறும், கிணறு ஏறினால் சுவரும் ஏறும்.

முதலில் எந்த ஈரம் என்று பிரித்துப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், வெள்ளம் வடிந்த கோடு போல நீளவாக்கில் ஒரே மட்டமாக இருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். ஓர் இடத்தில் மட்டும் திட்டாக விரிந்திருந்தால் பின்னால் குழாயோ குளியலறையோ இருக்கிறது, அங்கே தேடுங்கள். மேலிருந்து கீழே வழிந்த தடம் என்றால் கூரை. கூரைக் கசிவுக்குச் சுவரை இடித்துப் பூசியவர்களை நான் அறிவேன்.

மண் ஈரம்தான் என்று உறுதியானால், ‘சின்ன வயதில் இப்படி இல்லையே’ என்று நினைவுக்கு வரும். உண்மைதான். அப்போதும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. செங்கல் தளத்தின் வழியாகவும் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகவும் ஏறிய வேகத்திலேயே உலர்ந்துகொண்டிருந்தது. பிறகு தரையில் பளபளப்பான டைல்ஸ் வந்தது, தரை வழியாக வெளியேறிய ஈரம் சுவருக்குத் திரும்பியது. சுவரில் சிமெண்ட் பூச்சு வந்தது, அதற்குமேல் பிளாஸ்டிக் எமல்ஷன் வந்தது, சுவரின் மூக்கும் அடைபட்டது. வழி கிடைக்கும் உயரம் வரை ஈரம் ஏறிக்கொண்டே போகும்.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். கூடத்துச் சுவரில் மூன்றடிக்கு ஓதம். பூச்சைச் செதுக்கிவிட்டு, நீர்த்தடுப்பு திரவம் கலந்து நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினோம். முதல் மழைக்கு அருமையாக இருந்தது. இரண்டாவது கார்த்திகையில், தாத்தாவின் படம் மாட்டியிருந்த ஆணியைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. ஐந்தரை அடி உயரம்! ஈரத்தை ஒழிப்பதாக நினைத்து ஏணி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நான் செய்கிற வரிசை இது. முதலில் சுவரை விட்டுவிட்டு வெளியே போகிறேன். வெளிப்புற மண் மட்டம் உள்தரைக்கு மேலே இருந்தால் அதை வெட்டி இறக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளத்தை உடைத்து, ஓரடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, ஜல்லி நிரப்பி, வாட்டம் கொடுத்து, தண்ணீரைக் கொல்லைப் பக்கம் ஓடவிட வேண்டும். பள்ளம் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. பழைய அஸ்திவாரங்கள் ஆழம் குறைந்தவை. கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவிலேயே பாதி ஓதம் இறங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்து, ஈரக் கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டடி வரை சிமெண்ட் பூச்சைக் கையால் செதுக்கி எடுங்கள். இடிக்கும் மெஷின் வேண்டாம், சேற்று மண் சாந்து அதிர்ச்சி தாங்காது. பிறகு சும்மா இருங்கள். தையிலிருந்து ஆனி வரை செங்கல் வெளியே தெரிய உலரட்டும். விருந்தாளிகள் கேட்பார்கள், கேட்கட்டும். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டித் தாளில் வாங்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உப்பு மிக அதிகமென்றால், பழைய செய்தித்தாளைக் கூழாக்கிச் சுவரில் அப்பி, காய்ந்து தானாக விலகும்போது எடுத்து எறியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் சுவரின் உப்பு கூழுக்கு வந்துவிடும். அதன் பிறகே சுண்ணாம்புப் பூச்சு, அதற்குமேல் சுண்ணாம்பு வெள்ளை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. உங்கள் சுவரில் ஏறியிருக்கும் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுக்கும். மழையே இல்லாத புழுக்க நாளிலும் சுவர் நனைந்து தெரியும். அங்கே அடிப்பகுதிப் பூச்சை நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். சில வருடத்துக்கு ஒரு முறை உப்பைச் சுமந்துகொண்டு உதிர்வதுதான் அதன் வேலை. செங்கல் பிழைத்துக்கொள்ளும்.

சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்துவதாக ஒருவர் வருவார். ஒன்றரை அடி கனச் சுவருக்குள், பாதி மண்ணும் பாதிச் சந்துமாக இருக்கும் இடத்தில், அந்த மருந்து ஒரே கோடாகப் பரவும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

முற்றத்தில் தண்ணீர் வடியவில்லை, சில நாள் தெருத்தண்ணீரே உள்ளே வருகிறது

முதல் சோதனை சலதாரை, அதாவது முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகும் வடிகால். ஒரு குடம் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கரைத்து ஊற்றி, தெருப்பக்கம் எத்தனை நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லையென்றால் ரேழிக்கு அடியில் மண் அடைத்திருக்கிறது. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தி எடுக்கலாம். தாராளமாக வருகிறது, ஆனால் மழையில் மட்டும் திரும்புகிறது என்றால் குற்றவாளி தெரு.

எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதிய தார். திண்ணைக்கு ஏறிய மூன்று படிகளில் இப்போது ஒன்றுதான் மிச்சம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர் உத்தரவிட்டிருக்கிறார். சாலை வேலை தொடங்கும் அன்று அதைச் சொல்லிக் கேட்பதற்குத் தெருவில் நாலு பேர் நிற்க வேண்டும். போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

வீட்டுக்குள் செய்யக்கூடியது திசை மாற்றுவது. முற்றத்துத் தண்ணீரைத் தெருவுக்கு அனுப்பாமல் கொல்லைக்கு அனுப்புங்கள். வாட்டம் கிடைக்காவிட்டால் முற்றத்தின் மூலையில் சிறு தொட்டி கட்டி மோட்டார் வைக்க வேண்டியதுதான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முற்றத்தை மண் கொட்டி மேடாக்கித் தாழ்வாரத்துக்குச் சமமாக்குகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். முற்றம் பள்ளமாக இருப்பது மற்ற இடமெல்லாம் உலர்ந்திருப்பதற்காக. திருவரங்கம் கோயில் திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அங்கேயும் பழைய மழைநீர் வடிகால்களை மீட்டது முக்கியமான வேலையாக இருந்தது. நாம் சலதாரையில் மூங்கில் குச்சி விடுவதும் அதே வகைத் திருப்பணிதான்.

ஓட்டுக் கூரை சொட்டுகிறது

சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு ஆறடி நடந்துவந்துதான் விழும். மழை இரவில் டார்ச் அடித்து, ஈரம் எந்த மரத்தில் எங்கே தொடங்குகிறது என்று சாக்பீஸால் குறித்து வையுங்கள். பகலில் ஓட்டுச் சந்தில் தெரியும் வெளிச்சப் புள்ளிகளை நம்ப வேண்டாம், நாட்டு ஓட்டில் அவை எப்போதும் இருக்கும்.

உடைந்த ஓடு என்றால் எளிது, மாற்றிவிடலாம். எங்களுக்கு அதிகம் உடைத்துத் தருவது குரங்குகள். பல இடத்தில் ஒரே சமயத்தில் சொட்டினால் ஓடுகள் நழுவியிருக்கின்றன, அல்லது மல்லாத்திய ஓட்டில் இலையும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் பக்கவாட்டில் வழிகிறது. ஒரு காலத்தில் கோடைதோறும் ஓடு மாற்றுவது வழக்கம். முழுக் கூரையையும் பிரித்து, தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பதை மறுபடி அடுக்கி, மொத்தென்று ஒலிப்பதைக் கழிப்பார்கள். அந்த வழக்கம் நின்ற வீட்டில்தான் கூரை நின்றபடி அழுகுகிறது. முற்றத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய்தான் எப்போதும் முதலில் ஒழுகும். அங்கே தகரம் துருப்பிடித்திருந்தால் ஓட்டைத் தொடாமல் தகரத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஓடுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டால் நழுவாதே என்று தோன்றும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பகுதியை முன்பு யாரோ செய்துவைத்திருந்தார்கள். அங்கே ஓர் ஓடு உடைந்தால் ஒட்டியிருக்கும் ஐந்தும் சேர்ந்து உடைந்துதான் வரும். அதே சமயம் ஒட்டவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, தன் எடையால் மட்டும் உட்கார்ந்திருந்த ஓடுகளைக் காற்று இறவாரத்தின் ஓரத்திலிருந்துதான் கிளப்பிக்கொண்டு போயிற்று. ஓரத்தில் இரண்டு வரிசையும் கூரை உச்சியான மோட்டில் ஒரு வரிசையும் மட்டும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து வைத்தால், காற்றுக்கும் பிடி கிடைக்காது, பின்னால் கழற்றவும் முடியும்.

புதிய நாட்டு ஓடு சுடுபவர்கள் அருகிவிட்டார்கள். பக்கத்தில் எந்த ஓட்டு வீட்டை இடித்தாலும் போய் நில்லுங்கள். ஐந்நூறு ஓடு வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைப்பது நகை வாங்கி வைப்பதற்குச் சமம். ஓட்டுக்கு அடியில் தகடு போடுவதை நான் எதிர்ப்பதில்லை, தகட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் காற்றுப் போக இடமிருந்தால்.

மெத்தை ஒழுகுகிறது, மேலிருந்து செந்தூள் கொட்டுகிறது, கட்டை தொய்ந்திருக்கிறது

அவசரப்பட்டால் அதிகம் இழப்பது இங்கேதான். மெத்தையின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். உத்தரத்தின் மேல் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கல்களைச் சாய்கோட்டில், செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதற்குமேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கியது. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்ற தட்டையான ஓடு. நகர்ந்துகொடுக்கும் கூரை இது. கோடையில் விரியும், மழையில் சுருங்கும்.

ஒழுகினால் இதன் மேல் சிமெண்ட் தளம் போடுவார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர அடியில் ஓர் அங்குலச் சிமெண்ட் கலவை சுமார் ஐந்து கிலோ. 200 சதுர அடி மெத்தையில் இரண்டு அங்குலம் போட்டால் இரண்டு டன்! ஐந்து வருடத்தில் அது வெடிக்கும், மறுபடி இன்னொரு தளம். எங்கள் மெத்தையில் அப்படி மூன்று அடுக்கு இருந்தது. மூன்றுக்கும் அடியில், நனைந்த சோறு மாதிரி பழைய சுண்ணாம்பு. ஏனென்றால் வெடிப்பு வழியே இறங்கிய தண்ணீர் திரும்ப ஆவியாக வழியில்லை. தார்ப்பாய் ஒட்டுவதும் இதே கதைதான். ஆயிரம் லிட்டர் தொட்டியை அதன்மேல் வைப்பதும் ஒரு டன்னை ஏற்றுவதே. தொட்டிக்குக் கொல்லையில் தனித் தூண் கட்டுங்கள்.

பரிசோதனை இப்படி: உலர்ந்த நாளில் மேலே போய் மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நடங்கள். வெற்றொலி வரும் இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். மழைநீர் வெளியேறும் தூம்பு வாயில் இலை, பந்து, செத்த புறா எதுவும் இல்லையென்று பாருங்கள். (எங்கள் தூம்பிலிருந்து ஒரு முழுப் பம்பரம் வந்தது.) பிறகு பகுதி பகுதியாக இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, கீழே ஆளை நிறுத்துங்கள். குளம் கட்டித் தண்ணீர் தேக்கிச் சோதிப்பது காங்கிரீட்டுக்கு. மெத்தைக்கு ஆகாது.

சிகிச்சை: மேலே போட்ட சிமெண்டைச் சிறு உளியால் எடுங்கள். நடுவில் கீழே முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். தட்டோட்டுச் சந்துகளைக் கீறிச் சுத்தம் செய்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கடுக்காய்த் தண்ணீரில் அரைத்த சாந்தால் அடையுங்கள். கெட்டுப்போன ஜல்லியை அந்த அளவுக்கு மட்டும் எடுத்து, புதிதாகப் போட்டு, தட்டி இறுக்குங்கள். பங்குனி, சித்திரையில் மெத்தை நன்றாகக் காய்ந்திருக்கும்போது சோப்பும் படிகாரமும் அடிக்கலாம். சோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு, காய்ந்ததும் படிகாரத் தண்ணீர் ஒரு பூச்சு, மறுபடி சோப்பு, மறுபடி படிகாரம். இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கரையாத பொருளாக மாறிச் சின்னத் துவாரங்களை அடைக்கும். ஆனாலும் மெத்தை மூச்சு விடும்.

தொய்வுக்கு வருவோம். மரம் நூறு வருடச் சுமையில் கொஞ்சம் வளைவது இயல்பு. சுவருக்குச் சுவர் நூல் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருடமும் அதே அளவு என்றால் விட்டுவிடுங்கள். கூடியிருந்தால், அல்லது செந்தூள் தினமும் கொட்டினால், கட்டை சுவருக்குள் நுழையும் முனையைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். நடுமரம் இரும்பாக இருக்கும், முனை அரை அங்குலம் உள்ளே வாங்கும். சுவரின் ஈரத்தைக் குடித்து அழுகுவது முனைதான். முழுக் கட்டையை மாற்றச் சொல்வார்கள். வேண்டாம். முட்டுக் கொடுத்து, அழுகிய ஓரடியை அறுத்துவிட்டு, அதே வகைப் பழைய தேக்கைச் சேர்த்து, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினால் போதும். பழைய மரம் தெரிந்த ஆசாரி இரண்டு நாளில் முடிப்பார். புது முனையைச் சுற்றிச் சாந்தை அப்பாமல் விரல் அளவு காற்றுச் சந்து விடச் சொல்லுங்கள். உத்தரமே வாய் பிளந்திருந்தால் அந்த அறையில் படுக்காதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்கிற வரை முட்டும் எடுக்க வேண்டாம்.

சுவரில் வெடிப்பு

எங்கள் மண் களிமண். மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். அதனால் சித்திரையில் விரிந்து கார்த்திகையில் மூடிக்கொள்ளும் வெடிப்பு நோய் அல்ல. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி வையுங்கள். ஒரு வருடத்தில் கண்ணாடி உடைந்து, கோடும் நீண்டிருந்தால் கவலைப்படலாம். ஏறி இறங்கும் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்தால், பக்கத்திலேயே புதிதாக ஒன்று திறக்கும். மென்மையான சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்.

கவலைக்குரியவை: மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் போகும் மூலை வெடிப்பு (அந்த மூலை இறங்குகிறது, அடியில் குழாய் கசிகிறதா பாருங்கள்), உத்தரம் உட்காரும் இடத்துக்குக் கீழே நேராக இறங்கும் வெடிப்பு, தூக்குக்குண்டு விட்டால் வயிறு தள்ளித் தெரியும் சுவர். இந்த மூன்றுக்கும் கொத்தனார் போதாது, பொறியாளர் வேண்டும். புதிதாகக் கட்டிய குளியலறை பழைய சுவரோடு சேரும் இடத்தில் மட்டும் நேர்கோட்டில் வெடித்தால் பயமில்லை. புதுச் சுவர் தன் அஸ்திவாரத்தில் தனியாக இறங்குகிறது. இரண்டையும் இரும்புக் கம்பியால் கட்டிப்போடாதீர்கள்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்க வேண்டாம், செங்கல்லும் கூட வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு சந்தைத் திறந்து சுத்தம் செய்து அடையுங்கள்.

மரத்தில் மாவு கொட்டுகிறது, அல்லது மண்கோடு ஏறுகிறது

இரண்டும் வேறு. மஞ்சள் மாவும் ஊசித் துளையும் என்றால் வண்டு, மரம் உளுக்கிறது. துளைகளில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை ஊசியால் ஏற்றித் தடவலாம். மண்கோடு என்றால் கரையான், அது ஈரத்தைத் தேடி வந்திருக்கிறது. மண்கோட்டைத் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவி நிம்மதியடைவது நம் வழக்கம். ஒரு வாரத்தில் அடுத்த கைமரத்தில் கோடு போடும். தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளையிட்டு மண்ணுக்கு மருந்து செலுத்த வேண்டும். கட்டிய வீட்டுக்கு எப்படிச் செலுத்துவது என்று இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6313-இன் மூன்றாம் பகுதி சொல்கிறது, வருபவரிடம் அதன்படி செய்யச் சொல்லுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தூணில் எண்ணெய்ப் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறியிருந்தால் சுரண்டி எடுக்க ஆசை வரும். அடியில், தூணின் தலையிலிருக்கும் போதிகையின் பூவேலை ஒளிந்திருக்கும். ஆனால் உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கை (90 பி.பி.எம்.) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எதிலும் ஈயம் இருக்கலாம். பெயிண்ட் நீக்கும் குழம்பு தடவி ஈரமாகவே வழித்தெடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை தடவுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவையுங்கள்.

கதவு இழுக்கிறது

கார்த்திகையில் இழைக்காதீர்கள். தை பிறக்கட்டும். அப்போதும் இழுத்தால் நிலை சாய்ந்திருக்கிறதா, கதவு சுழலும் கீழ்க்குடுமி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குடுமிக் குழியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்துக் கதவை உயர்த்தினால் பல சமயம் இழைக்க வேண்டிய தேவையே இருக்காது.

சிவப்புத் தரை மங்கிவிட்டது

ஆசிட்டோ பினாயிலோ ஊற்றியிருப்பார்கள். நிறுத்துங்கள். வெறும் தண்ணீரால் துடைத்து, வாரம் ஒரு நாள் துணியில் சொட்டுத் தேங்காயெண்ணெய் வைத்துத் தேயுங்கள். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். உடைந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டால் நிறம் ஒருபோதும் சேராது. ஆகவே ஒட்டை மறைக்க முயலாமல், கோட்டுக்குக் கோடு ஒரு முழுக் கட்டத்தை வெட்டியெடுத்துப் புதிதாகப் போடுங்கள், வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும்.

புதுப்பித்த பிறகு வீடு வேகிறது

முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கிறீர்களா? அதுதான். சூடான காற்று ஏறிப்போகும் புகைபோக்கியை மூடிவிட்டீர்கள். திருட்டுப் பயத்துக்கும் குரங்குக்கும் கம்பி வலை போதும். மழைச்சாரல் தாழ்வாரத்தில் அடிக்கிறதென்றால் பழைய மாதிரி வெட்டிவேர்த் தட்டி, மூங்கில் தட்டி. ‘முற்றத்தில் சோபா போட வேண்டுமே’ என்றால், அந்த ஆசைக்கும் இந்த வீட்டுக்கும் பொருந்தாது என்றுதான் சொல்ல முடியும்.

சுண்ணாம்பே பூசினேன், அதுவும் உதிர்கிறது

சரியான பொருளைத் தவறாகச் செய்தாலும் இதே அறிகுறிகள்தான். எங்கள் ரேழியில் முதல் சுண்ணாம்புப் பூச்சு இரண்டு மாதத்தில் பாளமாக விழுந்தது. நான் பொருளைத் திட்டினேன். எழுபது தாண்டிய ஒரு கொத்தனார் வந்து, விழுந்த பாளத்தைத் திருப்பிப் பார்த்து, ‘தம்பி, சுவருக்குத் தண்ணீர் காட்டவே இல்லையே’ என்றார். காய்ந்த செங்கல் பூச்சிலிருந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டது. பூசுவதற்கு முந்தைய நாளும் அன்று காலையும் சுவரை நனைக்க வேண்டுமாம்.

பாளமாக விழுந்தால் அது. மேலே மயிரிழை மயிரிழையாக வலை பின்னினால், ஒரே முறையில் கனமாகப் பூசியிருக்கிறீர்கள், அல்லது வெயில் பட்டிருக்கிறது. ஒரு பூச்சுக்கு அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பூச்சைக் கரணையால் கீறிவிட்டு, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, இரண்டு வாரமாவது நிழலில் வைக்க வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே குழி தெறித்தால், நீறாத சுண்ணாம்புக் கட்டிகள் பூச்சுக்குள் போய் அங்கே நீறியிருக்கின்றன. சல்லடையில் வடிகட்டியிருக்க வேண்டும். தொட்டால் விரலில் மாவாக ஒட்டினால், சுண்ணாம்பு செத்தது. மூட்டையில் மாதக்கணக்கில் காற்றுப் பட்டுக் கிடந்த சுண்ணாம்பு மறுபடி இறுகாது. அல்லது எம்-சாண்டின் தூசி கலந்திருக்கிறது. அலசிய, கூர்மையான மணல் மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு என்பது பூச்சுக்குப் பொதுவான கணக்கு.

சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ நீங்களே நீற்றுவதாக இருந்தால், தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக. அது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நிற்கவே கூடாது. வடிகட்டிய விழுதின் மேல் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதம் மூடி வைத்தால் வெண்ணெய் மாதிரி ஆகும். நல்ல சுண்ணாம்பு வேலை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் தரங்கம்பாடி போய்வாருங்கள். 1620-இல் டேனியர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டுத் தெருக்களிலும் நடங்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அங்கே பழைய வீடுகள் சிலவற்றை மீட்டிருக்கிறது.

கடைசி வெள்ளைக்கு: வடிகட்டிய சுண்ணாம்புப் பால், ஒரு சிட்டிகை நீலம், பிடிப்புக்குக் கொஞ்சம் வஜ்ரப் பசை. பால் போல நீர்க்க அடிக்க வேண்டும். முதல் கை அடித்ததும் சுவர் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், பணம் போயிற்று என்று நினைப்பீர்கள். காய விடுங்கள். மறுநாள் காலை வெளுத்திருக்கும். அதன்மேல் இன்னும் இரண்டு கை.